"தொடாதே" என்று பெயர் வைத்த புண்: முகத்தில் வரும் ஒரு புற்றுநோயின் கதை



நீண்ட பதிவு இது. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நாம் வைத்தியர்கள் அல்ல, பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறவர்கள். மன்னர்களுக்கும் போர்களுக்கும் வரலாறு இருப்பது போல நோய்களுக்கும் வரலாறு இருக்கிறது. ஒரு நோய் எங்கே, யாரால், எப்படி விளங்கிக்கொள்ளப்பட்டது என்று தெரிந்தால் அந்த நோயைப் பற்றிய பயத்தில் பாதி போய்விடும். அப்படி ஒரு நோயைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

மூக்கின் ஓரத்திலோ, கண் இமைக்குக் கீழேயோ, காதுக்கு முன்னாலோ ஒரு சின்னப் பரு வரும். வலிக்காது, அரிக்காது. மெழுகு பூசியது போல மினுங்கும். சில மாதம் போனால் நடுவில் உடைந்து பொருக்குக் கட்டும். வுழூவுக்கு முகம் கழுவும்போது பொருக்கு கழன்று இரத்தம் கசியும். திரும்பவும் பொருக்கு. ஆறுவது போல இருக்கும், ஆறாது. இப்படி ஒன்றை இரண்டு மூன்று வருடமாக வைத்துக்கொண்டிருப்பவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். கேட்டால், "அது பழைய மரு", "ஷேவ் எடுக்கக்குள்ள வெட்டினது", "சீனி வருத்தம், அதான் ஆறுதில்ல" என்று ஒரு காரணம் சொல்வார்கள்.

ஆறாத புண் எல்லாம் புற்றுநோய் அல்ல. ஆனால் சில வேளைகளில் அது அடிக்கலப் புற்றுநோய். டொக்டர்மார் 'பேஸல் செல் கார்சினோமா' என்பார்கள், சுருக்கமாக 'பிசிசி'. உலகத்தில் மனிதர்களுக்கு வரும் புற்றுநோய்களிலேயே அதிகமாக வருவது இதுதான். வெளிர் தோல் உள்ளவர்களுக்கு மிக அதிகம். நம்முடைய தோலுக்குக் குறைவு, ஆனால் வராது என்று இல்லை.

இதைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். நேரத்துக்குக் காட்டினால் அநேகமாக எல்லோருக்கும் முழுமையாகக் குணமாகும். காட்டாமல் வைத்திருந்தால் மெல்ல மெல்ல மூக்கையும் கண்ணையும் அரித்துவிடும். இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் நாம் கடத்துகிற காலம்தான். இந்தக் காலத்தைக் கடத்த வைப்பது எது என்று பார்க்கத்தான் பழைய காலத்துக்குப் போகிறோம்.

பழைய பெயர்

மத்திய காலத்து ஐரோப்பிய சத்திரசிகிச்சையாளர்கள் முகத்தை அரிக்கும் புண்களுக்கு ஒரு லத்தீன் பெயர் வைத்திருந்தார்கள்: 'நோலி மீ டாங்கெரே'. "என்னைத் தொடாதே" என்று அர்த்தம். இன்று நாம் வேறு வேறாகப் பிரிக்கிற பல நோய்கள், தோலில் வரும் காசநோய் உட்பட, அந்த ஒரே பெயருக்குள் கிடந்தன. ஆனால் பெயரின் கருத்து தெளிவு. கை வைத்தால் மோசமாகும், விட்டுவிடு.

அந்தப் பெயர் நெடுங்காலம் நிலைத்தது. பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய வீரர் ஹோசே ரிசால் 1887இல் வெளியிட்ட தன் நாவலுக்கு அதையே தலைப்பாக வைத்தார். ரிசால் ஒரு கண் வைத்தியர். யாரும் தொடப் பயப்படுகிற புற்றுநோயாகத் தன் நாட்டு மக்களின் துன்பத்தைப் பார்த்தார். அதை மூடி வைக்காமல் திறந்து காட்டுவதுதான் மருந்துக்கு முதல் படி என்பது அவருடைய நிலைப்பாடு. 1896 டிசம்பர் 30இல் ஸ்பானிய ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது.

ஆனால் எல்லோரும் "தொடாதே" என்று மட்டும் சொல்லவில்லை. குர்துபாவில் வாழ்ந்து 1013இல் மறைந்த அல்-ஸஹ்ராவி, சத்திரசிகிச்சை பற்றிய தன் நூலில் புற்றுக்கட்டிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில், சின்னதாக, முழுவதும் எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால் எடுத்துவிட வேண்டும். பெரிதாகி, நாட்பட்டு இருந்தால் கை வைக்க வேண்டாம், அப்படி ஒன்றைத் தானும் குணப்படுத்தியதில்லை, குணப்படுத்திய ஒருவரைப் பார்த்ததும் இல்லை என்கிறார். அவருக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த இப்னு ஸீனாவும் சின்னக் கட்டியைச் சுற்றியுள்ள பகுதியோடு சேர்த்து வெட்ட வேண்டும் என்று எழுதினார்.

ஆயிரம் வருடத்துக்கு முந்திய பேச்சு இது. நுணுக்குக்காட்டி இல்லை, மயக்க மருந்தும் இல்லை. ஆனாலும் அவர்கள் சரியான கேள்வியைப் பிடித்துவிட்டார்கள். தொடுவதா விடுவதா என்பதல்ல அது, எப்போது தொடுவது என்பது. நம் சமூகத்தில் தங்கியதோ அந்தப் பாடத்தின் இரண்டாம் பாதி மட்டும். "புற்றுநோயில கத்தி வெச்சா பரவும்" என்று இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். முதல் பாதியை மறந்துவிட்டோம்.

டப்லின் நகரத்துக் கண் வைத்தியர்

1827இல் அயர்லாந்தின் டப்லின் நகரத்தில் ஆர்தர் ஜேக்கப் என்ற கண் வைத்தியர் ஒரு கட்டுரை எழுதினார். கண் இமையையும் முகத்தின் மற்றப் பகுதிகளையும் தாக்குகிற ஒரு விசேடமான புண்ணைப் பற்றியது அது. கண் விழித்திரையின் ஒரு படலத்தை 1819இல் கண்டறிந்து ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தவர் அவர்.

அவர் செய்தது பெரிய பரிசோதனை எதுவும் இல்லை. நோயாளிகளைப் பொறுமையாகப் பார்த்துக் குறித்து வைத்ததுதான். இந்தப் புண் மிக மெதுவாக வளர்கிறது. வலி குறைவு. ஓரமும் மேற்பரப்பும் தனி மாதிரி. மற்றப் புற்றுநோய்கள் போலப் பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்கு, அதாவது கழுத்தில் நெறி கட்டும் இடங்களுக்கு, இது போவதில்லை. வெட்டி எடுத்தால் அன்றி ஆறாது.

இருநூறு வருடம் ஆகப்போகிறது. இன்றைய மருத்துவ நூலைத் திறந்தாலும் ஏறக்குறைய இதே வரிகள்தான் இருக்கும். இந்தப் புற்றுநோய் உடம்பின் வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக மிக அபூர்வம், ஆயிரத்தில் சிலருக்குக்கூட இல்லை. அதனால்தான் இதனால் உயிர் போவது குறைவு. ஆனால் இருக்கும் இடத்தில் ஆழமாகப் போகும். தோலில் தொடங்கி, கசியிழையத்துக்குப் போய், எலும்புக்கும் போகும். இங்கிலாந்தில் இதற்கு 'கொறிக்கும் புண்' என்று பெயர் வந்ததும் அதனால்தான். எலி கொறிப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாக.

வலி இல்லை என்பதுதான் இதில் ஆபத்தான பகுதி. பல்வலி வந்தால் இரவோடு இரவாக டொக்டரைத் தேடுகிறோம். வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு யார் கிளினிக் வரிசையில் நிற்பார்கள்?

1903இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் எட்மண்ட் குரொம்பெக்கர் என்ற நோயியல் அறிஞர் நுணுக்குக்காட்டியில் பார்த்து ஒரு நூலே எழுதினார். தோலின் மேற்படையில் மிக அடியில் ஒரு வரிசைக் கலங்கள் இருக்கின்றன. அவைதான் பிரிந்து பிரிந்து புதிய தோலை உண்டாக்குபவை. இந்தப் புண்ணின் கலங்கள் அந்த அடி வரிசைக் கலங்களைப் போல இருப்பதை அவர் கண்டார். 'அடிக்கலப் புற்றுநோய்' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. "தொடாதே" என்ற பயப் பெயர் போய், எங்கிருந்து வருகிறது என்று சொல்கிற பெயர் வந்தது.

வெயில்

காரணம் என்ன? முதல் துப்பு தொழிலாளர்களின் முகத்தில் இருந்து கிடைத்தது. 1894இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுக நகரத்தில் பவுல் உன்னா என்ற தோல் வைத்தியர், கடலிலே காலம் கழித்த மாலுமிகளின் தோலில் வரும் மாற்றங்களையும் புற்றுநோயையும் எழுதினார். பிரான்ஸில் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்களிடம் துப்ரெய் என்பவர் அதையே கண்டார். 1928இல் லண்டனில் ஜோர்ஜ் ஃபின்ட்லே புற ஊதாக் கதிர் எலிகளின் தோலில் புற்றுநோயை உண்டாக்கும் என்று காட்டினார்.

வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் கலத்துக்குள் இருக்கும் டிஎன்ஏயைச் சேதமாக்கும். கலம் அதைத் திருத்திக்கொள்ளும். திருத்தாமல் விடுபட்டவை வருடக் கணக்கில் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் கலம் கட்டுப்பாடு இல்லாமல் பிரியத் தொடங்கும். நம் தோலில் இருக்கிற மெலனின் என்ற கறுப்பு நிறமி ஒரு குடை மாதிரி. கறுப்பாக இருக்கிறோம் என்று வெட்கப்பட்டு வெண்மையாக்கும் கிறீம் பூசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தக் கறுப்பு அல்லாஹ் தந்த பாதுகாப்பு.

ஆனால் குடை இருந்தால் நனையவே மாட்டோம் என்று இல்லை. வயதும் சேரும். வெயில் அல்லாத காரணங்களும் உண்டு: முன்பு கதிர்ச்சிகிச்சை எடுத்த இடம், ஆர்செனிக் கலந்த கிணற்று நீரை நீண்ட காலம் குடித்தது, சிறுநீரக மாற்றுக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பது, பரம்பரை.

வெயில் விடயத்தில் உலகம் அவுஸ்திரேலியாவிடம் படிக்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் இருந்து போன வெளிர் தோல் மக்கள் சுட்டெரிக்கும் வெயில் நாட்டில் குடியேறியதால், அங்கே மூன்றில் இரண்டு பேருக்கு எழுபது வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் வருகிறது என்று கணக்கிடுகிறார்கள். 1981இல் விக்டோரியா மாநிலத்தில் ஒரு கடற்காகக் கார்ட்டூன் பாட்டுப் பாடி ஆடி வந்தது: சட்டையைப் போடு, கிறீம் பூசு, தொப்பியை வை. 'சிலிப் சிலொப் சிலப்' என்று சின்னப் பிள்ளைகள் வாயிலும் அது ஓடியது. சுகாதாரக் கல்வி வரலாற்றிலே மிகப் பேர் பெற்ற பிரச்சாரங்களில் ஒன்று. குயின்ஸ்லாந்தின் நம்பூர் என்ற சிற்றூரில் 1992 முதல் 1996 வரை 1600க்கும் மேற்பட்ட மக்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. தினமும் சன்ஸ்கிறீன் பூசியவர்களுக்கு செதிற்கலப் புற்றுநோய் என்ற இன்னொரு வகைக் கட்டிகள் ஏறக்குறைய 40 வீதம் குறைந்தன. அடிக்கலப் புற்றுநோயில் அந்தக் காலத்துக்குள் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அதனால் கிறீமை மட்டும் நம்பி இருக்காமல் நிழலும் தொப்பியும் நீட்டுக் கையும் சேர வேண்டும்.

கதிரே மருந்து, கதிரே நோய்

1895 நவம்பரில் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். நான்கே வருடத்தில், 1899இல், சுவீடனின் ஸ்டொக்ஹோமில் தோர் ஸ்டென்பெக் என்ற வைத்தியர் 49 வயதுப் பெண் ஒருவரின் மூக்கில் இருந்த அடிக்கலப் புற்றுநோய்க்கு அந்தக் கதிரைப் பாய்ச்சத் தொடங்கினார். ஒன்பது மாதத்தில் நூறு தடவைக்கு மேல். புண் ஆறியது. முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்தப் பெண் நலமாக இருந்தார். கதிர்ச்சிகிச்சை முதலில் குணப்படுத்திய புற்றுநோய்களில் ஒன்று இந்த முகப்புண்.

அதே காலத்தில் அமெரிக்காவில் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி எக்ஸ் கதிர்க் குழாய்களைத் தன் கையிலேயே பரிசோதித்துப் பரிசோதித்து வேலை செய்தார். கைகளில் புண், பிறகு புற்றுநோய். இரண்டு கைகளும் வெட்டப்பட்டும் 1904இல் இறந்தார். எடிசன் அதோடு எக்ஸ் கதிர் வேலையைக் கைவிட்டார். சரியான அளவில் மருந்தாகும் ஒன்று, அளவு தெரியாமல் நோயாகும். இன்று கதிர்ச்சிகிச்சை மிகக் கணக்காக அளந்து கொடுக்கப்படுகிறது. கத்தி வைக்க முடியாத வயதானவர்களுக்கு அது நல்ல வழி.

பாண் வெட்டுவதும் மோஸ் முறையும்

இந்த வரலாற்றில் நமக்கு மிகப் பிடித்த ஆள் ஃபிரெடரிக் மோஸ். 1910இல் பிறந்தவர், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம். 1930களின் தொடக்கத்தில் மருத்துவ மாணவராக இருந்தபோது ஒரு விலங்கியல் பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் உதவியாளராக வேலை செய்தார். புற்றுக்கட்டிகளில் பல இரசாயனங்களை ஏற்றிப் பார்க்கும் வேலை. அதில் நாகக் குளோரைட்டு என்ற உப்பு ஒரு விசித்திரம் செய்தது. இழையத்தைக் கொன்றது, ஆனால் அதன் அமைப்பைக் குலைக்கவில்லை. நுணுக்குக்காட்டியில் வைத்தால் உயிரோடு இருந்தபடியே தெரிந்தது.

அவருக்கு ஒரு யோசனை வந்தது. அதை விளங்கிக்கொள்ள ஒரு பாணை நினைத்துப் பாருங்கள். டொக்டர் புண்ணை ஓரத்தோடு வெட்டி அனுப்பினால், ஆய்வுகூடத்தில் பாண் வெட்டுவது போலச் சில துண்டுகள் வெட்டிப் பார்ப்பார்கள். அந்தத் துண்டுகளில் ஓரம் சுத்தமாக இருந்தால் "முழுக்க எடுத்தாச்சு" என்பார்கள். ஆனால் பார்க்காத துண்டுகளுக்கு இடையில் புற்றுநோயின் ஒரு வேர் ஓடியிருந்தால்? அது பிறகு முளைக்கும். மோஸ் பாணைத் துண்டு போடவில்லை. அடியிலும் சுற்றிலும் இருக்கிற தோலை முழுவதும் உரித்து, தட்டையாக்கி, அந்த முழுப் பரப்பையும் பார்த்தார். எங்கே புற்றுக்கலம் மிச்சம் இருக்கிறதோ அதை வரைபடத்தில் குறித்து, அந்த இடத்தில் மட்டும் இன்னொரு மெல்லிய படலம் எடுத்தார். சுத்தமாகும் வரை அப்படியே. நோய் போகும், நல்ல தோல் மிஞ்சும்.

1936இல் நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார். 1941இல் 440 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார். பல சத்திரசிகிச்சையாளர்கள் நம்பவில்லை. பசை பூசி, ஒரு நாள் காத்திருந்து, ஒரு படலம் எடுத்து, திரும்பவும் பூசி என்று நாள் கணக்கில் இழுத்தது. நோயாளிக்கு வலியும் இருந்தது. 1953இல் கண் இமைப் புற்றுநோய் ஒன்றைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, பசை கண்ணை உறுத்துவதால் மிச்சப் படலங்களைப் பசை இல்லாமல் உறைய வைத்து வெட்டிப் பார்த்தார். அது நன்றாகவே வந்தது. 1970களில் கலிபோர்னியாவில் டிரொமோவிச், ஸ்டெக்மன் என்ற இருவர் அந்த முறையை விரிவாக நிலைநாட்டினார்கள். பசை போனது, ஒரே நாளில் முடிக்க முடிந்தது. முதல் தடவை வந்த அடிக்கலப் புற்றுநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் வரை இந்த முறையில் குணமாகிறார்கள். மோஸ் 2002 வரை வாழ்ந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இந்தக் கதையில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மோஸின் பசையில் நாகக் குளோரைட்டோடு 'இரத்த வேர்' என்ற அமெரிக்க மூலிகையும் இருந்தது. அதே சரக்குகள் கலந்த கறுப்புக் களிம்பு இன்றைக்கும் "புற்றுநோய்க்கு இயற்கை மருந்து" என்று உலகம் முழுக்க இணையத்தில் விற்கப்படுகிறது. மேலே தோலை எரித்து ஆற்றிவிடும், ஆறிய தோலுக்கு அடியில் புற்றுநோய் வளர்ந்துகொண்டே போகும். மோஸின் வெற்றி பசையில் இல்லை, ஒவ்வொரு படலத்தையும் நுணுக்குக்காட்டியில் பார்த்ததில் இருந்தது. சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து மருவை எரிக்கிற வழக்கம் நமக்குத் தெரியாதது அல்ல. முகத்தில் ஆறாத எதிலும் அதை வைக்க வேண்டாம்.

மூக்கைத் திருப்பிக் கொடுத்தவர்கள்

"வெட்டினா முகம் கோரமாகிடும்" என்பது அடுத்த பயம், குறிப்பாகப் பெண்களுக்கு. இதற்கான பதில் நம் பக்கத்து நாட்டில் இருந்தே போயிருக்கிறது.

திப்பு சுல்தானோடு ஆங்கிலேயர் நடத்திய மூன்றாம் மைசூர்ப் போரின்போது, ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டார். ஒரு வருடம் போல மூக்கில்லாமல் இருந்தார். பிறகு பூனாவுக்கு அருகே, செங்கல் செய்யும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலை மூக்கின் வடிவில் வெட்டி, அடியில் ஒரு காம்பு விட்டு, கீழே திருப்பி வைத்துப் புதிய மூக்கு அமைத்தார். 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மன்ஸ் மகஸின்' படத்தோடு அதை வெளியிட்டது. அதை வாசித்த ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் அதையே செய்து, 1816இல் நூலாக எழுதினார். அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் போனது.

இன்று மூக்கில் பெரிய அடிக்கலப் புற்றுநோயை எடுத்த பிறகு மூக்கை அமைக்க உலகெங்கும் பயன்படுகிற முக்கிய முறைகளில் ஒன்று அந்த நெற்றித் தோல் முறையின் வாரிசுதான். எழுதப் படிக்கத் தெரிந்தாரோ இல்லையோ, பெயர்கூடப் பதியப்படாத ஒரு தொழிலாளியின் கைவேலை அது.

சின்னதாக இருக்கும்போது எடுத்தால் இவ்வளவும் தேவையில்லை. மெல்லிய ஒரு கோடு மிஞ்சும், சில வருடத்தில் சுருக்கத்தோடு சுருக்கமாகிவிடும்.

முள்ளெலியும் ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டியும்

கடைசி அத்தியாயம் யாரும் எதிர்பாராதது. 1980இல் ஜேர்மனியில் நுஸ்லைன்-ஃபொல்ஹார்ட், வீஷவுஸ் என்ற இருவர் பழ ஈக்களின் பரம்பரையலகுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒன்று கெட்டால் புழு முழுக்க முள் முளைத்து முள்ளெலி மாதிரி இருந்தது. அதற்கு 'ஹெட்ஜ்ஹொக்', அதாவது முள்ளெலி என்றே பெயர் வைத்தார்கள். 1995இல் நோபல் பரிசு கிடைத்தது. 1996இல் அந்த வழித்தடத்துக்குத் தடுப்பு போடும் ஒரு மனிதப் பரம்பரையலகு கெட்டுப்போவதுதான் அடிக்கலப் புற்றுநோயின் மூலம் என்று தெரிந்தது. வண்டிக்குப் பிரேக் அறுந்தது போல.

இதற்கு முன்பே, 1950களில், அமெரிக்காவின் ஐடாஹோவில் ஆடுகள் ஒற்றைக்கண் குட்டிகள் போட்டன. சினைக் காலத்தில் ஒரு மலைச்செடியைத் தின்றதுதான் காரணம். அந்தச் செடியின் நஞ்சு இதே ஹெட்ஜ்ஹொக் வழியை அடைக்கிறது என்று பின்னர் தெரியவந்தது. அந்த வழியில் போய் உருவான 'விஸ்மொடெகிப்' என்ற மாத்திரைக்கு 2012 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சத்திரசிகிச்சைக்கு எட்டாத அளவு முற்றிய சிலருக்கு மட்டுமான மருந்து அது. பக்க விளைவுகள் அதிகம். முற்றவிடாமல் இருப்பதே எப்போதும் நல்லது.

நம் ஊருக்கு

வெளிநாட்டுப் படங்களில் இந்தப் புண் முத்துப் போல வெளிர் சிவப்பாக இருக்கும். நம் தோலில் பெரும்பாலும் அப்படி இருக்காது. கறுப்பாக, மினுங்கலாக, மச்சம் போல இருக்கும். அதனால்தான் "மச்சம்" என்று விட்டுவிடுகிறோம். கவனிக்க வேண்டியவை:

ஒரு மாதம் தாண்டியும் ஆறாத, அல்லது ஆறி ஆறித் திரும்பவும் உடைகிற முகப்புண்.
வயது போன பிறகு புதிதாக வந்து மெல்ல வளர்கிற மினுங்கும் பரு அல்லது கறுப்பு மச்சம்.
நடுவில் குழி விழுந்து, ஓரம் உருட்டி வைத்தது போல் உயர்ந்திருப்பது.
முகம் துடைத்தாலே இரத்தம் கசிவது.
காரணமில்லாமல் தழும்பு போலத் தடித்து வெளுத்து வரும் இடம்.

இதில் ஒன்று இருந்தால் பக்கத்து அரச வைத்தியசாலை ஓபிடிக்குப் போய், தோல் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். கட்டணம் இல்லை. அங்கே அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து சின்னத் துண்டு எடுப்பார்கள், அதுதான் 'பயொப்சி'. "துண்டு எடுத்தா பரவும்" என்ற பேச்சுக்கு இந்த நோயில் ஆதாரம் இல்லை. ரிப்போர்ட் வந்த பிறகு வழி பல: சில மில்லிமீற்றர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டுவது, மோஸ் முறை, மேலோட்டமானதற்குக் களிம்பு அல்லது உறைய வைப்பது, கதிர்ச்சிகிச்சை. பெரும்பாலானவர்களுக்கு முழு மயக்கம் தேவையில்லை, அன்றே வீட்டுக்கு வரலாம். கீமோ ஏற்றி முடி கொட்டுவது என்று நாம் சினிமாவில் பார்த்த எதுவும் இதில் அநேகமாக இல்லை. ஒருமுறை வந்தவருக்கு வேறு இடத்தில் இன்னொன்று வரக்கூடும், அதனால் கிளினிக் திகதியை விடக் கூடாது.

வீட்டில் உம்மா, வாப்பா, மூத்தம்மாவின் முகத்தை ஒரு நாள் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பாருங்கள். கண்ணாடிக்குக் கீழே, முந்தானைக்குள்ளே மறைந்திருக்கும். "எனக்கு ஒண்டுமில்ல" என்று சொல்கிற தலைமுறை அது. பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக் கூடாது, பேரப்பிள்ளையின் கலியாணப் பேச்சுக் கெட்டுவிடக் கூடாது என்றே மறைப்பார்கள். இது தொற்றாது, ஒரே பாத்திரத்தில் சாப்பிடலாம் என்று அவர்களுக்கும் அயலவருக்கும் சொல்லுங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பிறவியிலேயே நிறமி இல்லாத வெள்ளைப் பிள்ளைகள் சில பாடசாலைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் குடை இல்லை. இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வரும் ஆபத்து அவர்களுக்குப் பல மடங்கு. காலைக் கூட்டத்தில் நிழலில் நிற்க விடுங்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் தொப்பியும் நீட்டுக் கையும் போட விடுங்கள். "சீருடை இல்லை" என்று கழற்ற வைக்க வேண்டாம். பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிற பிள்ளைகளைத் திருத்துங்கள். வயலிலும் தோணியிலும் வேலை செய்கிறவர்களுக்கு அகலமான விளிம்புள்ள தொப்பி ஒன்று போதும், விலையும் பெரிதில்லை.

"தொடாதே" என்ற பெயரை வைத்தவர்களுக்கு வேறு வழி தெரியாது, அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நமக்கு வழி தெரியும். மாலுமி, திராட்சைத் தொழிலாளி, செங்கல்காரர், பழ ஈ, ஆட்டுக்குட்டி என்று எத்தனையோ இடத்தில் இருந்து சேர்த்த அறிவு நம் ஊர் வைத்தியசாலைக் கதவு வரைக்கும் வந்து நிற்கிறது. அந்தக் கதவு வரைக்கும் ஒரு மூத்தவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போவதுதான் மிச்சம்.

பயனுள்ளது என்று நினைத்தால் உங்கள் பள்ளிவாசல், பாடசாலைக் குழுமங்களில் பகிருங்கள்.